வெட்டின படமும் பிள்ளையார் எறும்பும்

ஊத்துமேட்டில் செல்போனுக்குள்ளிருந்து எறும்பு புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான், ஆனால் அன்றைக்கு ஊருக்குத் தண்ணி திறந்துவிடும் முறை என்பதால் பதினோரு மணி வரைக்கும் யாருக்கும் அதை நின்று பார்க்க நேரமில்லை. குடத்தை வரிசையில் போட்டவர்களும், குழாயடியில் வாய்ச்சண்டை போட்டவர்களும், தொட்டியை நிரப்பிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும் தண்ணி நின்ற பிறகுதான் போனைக் கையில் எடுத்தார்கள். எடுத்தால், சார்ஜர் குத்துகிற ஓட்டையிலிருந்து எறும்பு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, மேசைக் காலைப் பிடித்து, சுவரோரமாக நடந்து, வாசற்படி தாண்டி, தெருவில் யார் வீட்டுக்கோ சாரை போட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையார் எறும்பு. கடிக்காது. அதனால் யாரும் அலறவில்லை. கட்டெறும்பாக இருந்திருந்தால் கதையே வேறு.

"போனை வச்சுக்கிட்டு மிட்டாய் தின்னியா?" என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளைத்தான் முதலில் கேட்டார்கள். பிள்ளைகள் சத்தியம் பண்ணின. போனைத் துடைத்துப் பார்த்தார்கள், உதறிப் பார்த்தார்கள், வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். எறும்பு பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கும் ஞானதிரவியம் மட்டும் அன்றைக்குத் தண்ணிக்கும் போகவில்லை, எறும்பையும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு படத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாளாக அவருக்கு அதுதான் வேலை.

திரவியம் அண்ணாச்சியைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. படம் எடுப்பதில் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது என்பது ஒன்று. எடுத்த படத்துக்காகச் சண்டை போடுவதிலும் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது என்பது இன்னொன்று. அவர் எடுத்த தேர்ப் படத்தைக் கேட்காமல் பிளெக்ஸில் போட்ட கட்சிக்காரரை நடுரோட்டில் மறித்து வைத்துப் பேசியவர் அவர். அவர் படத்தை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பேஸ்புக்கில் போட்டார் என்று ஒரு மாப்பிள்ளையின் மாமனோடு வளைகாப்பு வீட்டில், பந்தியில், சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் கையைப் பிடித்து நிறுத்திச் சண்டை போட்டவரும் அவர்தான். அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் இருந்தது. அது ராத்திரி பகலாக வலை முழுக்கத் துழாவி, அவர் எடுத்த படம் எந்த மூலையில், யார் பக்கத்தில், எந்தக் கடை விளம்பரத்தில் கிடக்கிறது என்று காலையில் பட்டியல் கொடுக்கும். மற்ற ஆம்பளைகள் பேப்பர் பார்ப்பதுபோல அவர் காப்பிக்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பார்ப்பார். "கல்யாணமான புதுசுல என்னைய இப்படித் தேடியிருந்தா நான் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பேன்" என்று அவர் மனைவி ரத்தினம் சொல்லாத நாளில்லை.

அது போதாதென்று எந்தப் படத்தை வெளியே விட்டாலும் அடிப்பக்கம் கால்வாசியை அடைத்துக்கொண்டு, கல்யாணப் பந்தல் போர்டு மாதிரி மஞ்சள் எழுத்தில், 'திரவியம் ஸ்டுடியோ, ஊத்துமேடு. இப்படத்தை நகல் எடுப்பது சட்டப்படி குற்றம்' என்று போட்டுத்தான் விடுவார். அந்த எழுத்து இல்லாமல் அவர் படத்தைப் பார்த்த கண் ஊரில் கிடையாது.

இப்போது அவர் தேடிக்கொண்டிருந்தது தை மாதம் பால்வாடியில் சொட்டு மருந்து கொடுத்த அன்றைக்கு எடுத்த படம். பால்வாடி ஆயா முப்பிடாதியை ஊரில் தெரியாதவர் இல்லை. காலை ஒன்பது மணிக்கு அவள் தெருவில் இறங்கினால் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். ஒன்பதரைக்கு அத்தனையும் அவள் பின்னால் வரிசையாகப் போகும். அன்றைக்கு மாரிச்செல்வியின் மகன் சொட்டு மருந்துக்குப் பயந்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். முப்பிடாதி போய் அவனைத் தோளில் போட்டுத் தூக்கிவர, அவன் வாயைப் பிளந்து கத்திக்கொண்டே கையால் அவள் முகத்தைத் தள்ள, அந்த நேரத்தில் திரவியம் ஒரு படம் எடுத்தார். எடுத்ததை மஞ்சள் எழுத்தோடு ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஊர் சிரித்தது. எல்லாரும் அதை மறந்தும் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தப் படம் ஆளே மாறித் திரும்பி வந்தது. அடிப்பக்கம் இல்லை. பால்வாடி போர்டு இல்லை, வரிசையில் நின்ற பிள்ளைகள் இல்லை, ஊரே இல்லை. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை எங்கேயோ ஓடுகிறாள்; பிள்ளையின் கை அவள் முகத்தில் பாதியை மறைத்திருக்கிறது; கீழே சிவப்பில், 'பிள்ளை பிடிக்கிறவள். நம்ம பக்கம் சுற்றுகிறாள். பார்த்தால் விடாதீர்கள். அதிகம் பகிரவும்.' அதிகம் பகிரச் சொன்னால் நம் ஆட்கள் பகிராமல் இருப்பார்களா? ஊத்துமேடே பகிர்ந்தது. முகம் தெரியாததால் நம்ம முப்பிடாதி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அதைவிடக் கொடுமை, அது முப்பிடாதிக்கும் வந்தது. கோவில்பட்டியில் நிறைமாதமாக இருந்த தங்கச்சி பூமாரிக்கு அவளே அதை அனுப்பினாள், 'காலம் கெட்டுக் கிடக்கு, பத்திரமா இரு' என்று. அனுப்பி முடித்துச் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சேலை நம்ம ஊதாச் சேலை மாதிரி இருக்கே என்று அவளுக்கு உறைத்தது. இருந்தாலும் நம்மளை யாருக்குத் தெரியாது என்று விட்டுவிட்டாள்.

அந்த ஊதாச் சேலையோடுதான் அவள் மறுநாள் கரிசல்குளத்துக்கு ஒரு துட்டி வீட்டில் துக்கம் கேட்கப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கூட வந்த சொந்தக்காரியின் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்தாள், பிள்ளை அழுதது. அவ்வளவுதான். ஒருத்தன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சத்தம் போட்டான். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் அறுபது எழுபது பேர். சேலை கிழிந்தது, முழங்கை பெயர்ந்தது. கண்டக்டர் இறங்கி அவளை இழுத்துப் பஸ்ஸுக்குள் போட்டுக் கதவைச் சாத்தாவிட்டால் அவள் இன்றைக்கு இல்லை. அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பால்வாடிப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து பார்த்துவிட்டு, யாரும் இழுக்க வராததால் தாமாகவே வெளியே வந்து உட்கார்ந்திருந்தன.

அவள் திரவியத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பூமாரிக்கு அம்மா இல்லை, புருஷன் குவைத்தில். பிள்ளை பிறந்தால் அதை ஆஸ்பத்திரியில் கையில் வாங்கி, பஸ் ஏற்றி, கரிசல்குளம் வழியாக ஊத்துமேட்டுக்குக் கொண்டுவர முப்பிடாதியை விட்டால் ஆள் இல்லை. "ஒரு பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு நான் அந்தப் பஸ்ல வரணும்ணே. அது அழாம வருமா? அழுதா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தப் படத்த எப்படியாவது நிப்பாட்டிக் குடுங்க."

ஸ்டேஷனில் ஏட்டையா நல்ல மனுஷர். உட்காரவைத்துப் பேசினார். "படத்துக்குச் சொந்தக்காரர் நீங்கதான அண்ணாச்சி? காப்பிரைட் உங்களுது. எங்கெங்க கிடக்குன்னு கண்டுபிடிச்சு, ஒவ்வொரு இடத்துக்கும் நீங்க எழுதிப்போட்டா எடுத்துருவாங்க. நாங்களும் எழுதுறோம்." சரி, இது நமக்குக் கைவந்த வேலைதானே என்று திரவியம் புரோகிராமை முடுக்கிவிட்டார். முதல் நாள் இருநூற்றிப் பன்னிரண்டு இடத்தில் படம் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் எழுதினார், நாற்பத்தியொரு இடத்தில் எடுத்தார்கள். மறுநாள் காலையில் பட்டியல் ஆயிரத்துத் தொள்ளாயிரமாகி நின்றது. போனிலிருந்து போனுக்குப் போவதோ எந்தப் பட்டியலிலும் வராது. பூட்டின வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அந்தப் புரோகிராமுக்குக் கண் இல்லை. சல்லடையில் தண்ணி அள்ளுகிற கதையாக அவர் பத்தொன்பது நாள் அள்ளினார், சாப்பாடு இறங்கவில்லை, அழுகையாக வந்தது. அப்போதுதான் எறும்பு வந்தது.

எறும்பு ஏன் வந்தது, யார் அனுப்பியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஊத்துமேட்டுக்காரர்களும் அதை அதிகம் கேட்கவில்லை. அவர்கள் கவலை, வந்த எறும்பை என்ன செய்வது என்பதுதான். மஞ்சள்தூள் போட்டார்கள்; எறும்பு மஞ்சள் பூசிக்கொண்டு போனது. எறும்புச் சாக்பீஸால் போனைச் சுற்றிக் கோடு இழுத்தார்கள். கோட்டின்மேல் ஏறி நடந்தது. கடைசியில், சீனி டப்பாவை வைக்கிறமாதிரி, தட்டில் தண்ணி ஊற்றி, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் போனை வைத்தார்கள். புதன்கிழமை டீக்கடையில் போய்ப் பார்த்தால் பெரிய அண்டாத் தட்டில் பன்னிரண்டு டம்ளரும் அதன்மேல் பன்னிரண்டு போனுமாக இருந்தது. போன் அடித்தால் சொந்தக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு தட்டுக்கு மேலே குனிந்து காதை வைத்துப் பேசினார். எறும்பு ஒன்றன் காலை ஒன்று கவ்விக்கொண்டு தண்ணிக்கு மேலே கயிறாகத் தொங்கி அக்கரை போனது.

பிறகு யாரோ ஒரு வேலையத்தவர், எறும்பு எங்கேதான் போகிறது பார்ப்போம் என்று பின்னாலேயே நடந்தார். அது பக்கத்துத் தெருவில் அவருடைய மச்சான் வீட்டுக்குப் போய் மச்சான் போனுக்குள் நுழைந்தது. மச்சான் போனிலிருந்து புறப்பட்டது ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனது. அப்போதுதான் விளங்கியது. பிள்ளை பிடிக்கிறவள் படம் எந்தப் போனிலிருந்து வந்ததோ அந்தப் போனுக்குத்தான் எறும்பு போகிறது. வந்த வழியே திரும்பிப் போகிறது.

அடேயப்பா, அதற்கப்புறம் ஊரில் நடந்த கூத்தை என்ன சொல்ல. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பது தெருவில் கருப்புக் கோடாகக் கிடந்தது. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு மாமியார் வீட்டுக்கும் மருமகள் வீட்டுக்கும் நடுவே தடியாக ஒரு சாரை ஓடியது. பேசாவிட்டாலும் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் வாசலில் நின்று அதைப் பார்த்தார்கள், பிறகு வேறு வழியில்லாமல் பேசினார்கள். படத்தை அழித்துவிட்டால் எறும்பு போய்விடும் என்று நிறையப் பேர் அழித்துப் பார்த்தார்கள். அழித்தவர் போனிலும் அது வந்தது. முதலில் கூச்சப்பட்டார்கள், அப்புறம் பழகிவிட்டது. கோலம் போடுகிறவர்கள் சாரைக்கு இடம் விட்டுப் போட்டார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் ஆட்டோவில் மைக் கட்டி, எறும்பின்மேல் வண்டி ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. வெளியூரிலிருந்து படம் வந்தவர்களின் எறும்பு பஸ் ஸ்டாண்டில் போய் நின்று கோவில்பட்டி பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "ஓரமா போகச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் திரவியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது ரத்தினத்தின் போனிலிருந்தும் எறும்பு போய்க்கொண்டிருந்தது.

"நீயுமா?" என்றார்.

"முகம் தெரியலையேங்க. நம்ம முப்பிடாதின்னு தெரிஞ்சா அனுப்புவேனா? சபைப் பொம்பளைங்க நாலு பேருக்குத்தான் அனுப்புனேன்."

"நான் எடுத்த படம்னுகூடத் தெரியலையா?"

"உங்க பேரு இல்லாம உங்க படத்த நான் என்னைக்குப் பார்த்தேன்?" என்றாள் ரத்தினம். அவருக்குச் சுருக்கென்றது. சாப்பிடாமல் எழுந்து போனார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்கால் பஸ்ஸில், முன்பு வெளியூர் போன எறும்பெல்லாம் திரும்பி வந்தது. எங்கெங்கே போய் எத்தனை ஊரைக் கூட்டிக்கொண்டு வந்ததோ, படிக்கட்டு வழியாகத் தாம்புக்கயிறு தடிமனுக்கு இறங்கி, நேராகப் பஸ் ஸ்டாண்டு செல்போன் கடைக்குள் போனது. கடைக்காரன் லிங்கதுரை ஸ்டூலின்மேல் ஏறி நின்றுகொண்டான். எறும்பு அவனுடைய போனுக்குள் போய், வெளியே வந்து, ரோட்டைக் கடந்து, பின்னாலேயே ஊர் திரண்டு வர, திரவியம் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து கம்ப்யூட்டருக்குள் போனது. அதற்கு மேலே போக இடம் இல்லாததால் நின்றது.

"அண்ணாச்சி, எல்லாம் உங்க வீட்டுலதான் வந்து முடியுது" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நான் முழுசா போட்டேன் சார். பேரோட போட்டேன். வெட்டுனது எவன்?" என்றார் திரவியம். "எவன் வெட்டுனான்னு இந்த எறும்பு சொல்லட்டும்."

லிங்கதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் பேஸ்புக்கில் ஒரு சிரிப்புப் பக்கம் நடத்துகிறான். பார்க்கிறவர்களைச் சிரிக்கவைக்கத் தினமும் ஒரு படம் போடுவான். "நான்தான் அண்ணாச்சி வெட்டுனேன். திங்கக்கிழமை காலையில பள்ளிக்கூடம் போற பிள்ளை இப்படித்தான் இருக்கும்னு எழுதிச் சிரிப்புக்குப் போட்டேன். பிள்ளை பிடிக்கிறவன்னு நான் எழுதல, சத்தியமா. வெளியில எவனோ எடுத்து அதை எழுதியிருக்கான்."

"எதுக்குல வெட்டுன?"

லிங்கதுரை தரையில் கிடந்த சாரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்களுக்குப் பயந்துதான். உங்க பேரோட போட்டா நீங்க கடைக்கு வந்து சண்டை போடுவீக. பேரு இருக்கிற மட்டும் வெட்டினா போதும்னு வெட்டுனேன். பேரோட சேர்ந்து பால்வாடி போர்டும் போகுதுன்னு எனக்கு அப்பத் தோணல."

அந்த நேரத்தில் ரத்தினம், பின்னாலேயே முப்பிடாதி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் தெருவில் இறங்கியது அன்றைக்குத்தான். பூமாரிக்கு விடியற்காலையிலேயே வலி கண்டு, பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன் பண்ணியிருந்தாள். "சாயங்காலப் பஸ்ஸுக்குப் போகப் போறேன்ணே" என்றாள் முப்பிடாதி. "என்ன ஆனாலும் ஆகட்டும். அவ ஒத்தையில கெடக்கா."

திரவியம் கம்ப்யூட்டரில் முழுப் படத்தைத் திறந்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. மேலே முப்பிடாதியும் அழுகிற பிள்ளையும். கீழே போர்டு, வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நிற்கிற நாலு வாண்டுகள், எல்லாவற்றுக்கும் முன்னால் மஞ்சள் எழுத்து. திரையின் கண்ணாடிமேல் எறும்பு ஏறியது. ஏறி, படத்தின் அடிப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றும் ஒரு புள்ளியைக் கவ்விக்கொண்டது: ஒன்று போர்டின் நீலத்தில் ஒரு புள்ளி, ஒன்று பிள்ளையின் சட்டையில் ஒரு புள்ளி. கவ்வினது வந்த வழியே திரும்பியது. மஞ்சள் எழுத்துக்கு வந்த எறும்பு மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, எதையும் எடுக்காமல் நின்றது.

"இது அடியில என்ன இருக்கு?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

திரவியத்துக்குத் தெரியும். அன்றைக்கு அதைத்தான் முக்கியமாக எடுத்தார்; எடுத்த பிறகு பேர் போட வேறு இடம் இல்லாததால் அதன்மேலேயே போட்டார். "செல்வி" என்றார். "பிள்ளையோட அம்மா. படிக்கட்டுல உக்காந்து, மகன் அழுறதப் பார்த்து வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா."

பெற்றவள் சிரிக்கிற படத்தை எவன் பார்த்துப் பிள்ளை பிடிக்கிறவள் என்பான்? அந்தச் சிரிப்பின்மேல்தான் அவர் தன் பேரைப் போட்டு மூடியிருந்தார்.

எழுத்துப் போடாத அசல் இரும்பு பீரோவுக்குள், ஒரு டப்பாவில், மெமரி கார்டாகப் பூட்டிக் கிடந்தது. அவர் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தார். பீரோவுக்கு முன்னால் போய் நின்றார், திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் பேர் இல்லாமல் ஒரு படத்தைக்கூட அவர் அந்த ரூமை விட்டு வெளியே விட்டதில்லை. அவருக்குப் பிள்ளை கிடையாது, நிலபுலம் கிடையாது, அந்த மஞ்சள் எழுத்து ஒன்றுதான் சொத்து.

"பேரில்லாம விட்டுட்டா நாளைக்கு இது யாரு எடுத்த படம்னு யாருக்குத் தெரியும்?" என்று அவர் பீரோவைப் பார்த்துத்தான் கேட்டார்.

ரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முப்பிடாதி சொன்னாள், "எனக்குத் தெரியும்ணே."

அவர் பீரோவைத் திறந்தார்.

அசலைத் திரையில் போட்டதும் மாரிச்செல்வி முழுதாக வந்தாள், பல்லெல்லாம் தெரிய, ஒரு கை வயிற்றிலும் ஒரு கை வாயிலுமாக. எறும்பு எழுத்து இருந்த இடத்தில் தடையில்லாமல் ஏறியது. மத்தியானம் முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சாரை இப்போது கருப்பாக இல்லை, நீலமும் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாய்த் தெருவில் அசைந்து போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மாரிச்செல்வியின் மூக்குத்தி எந்த எறும்பிடம் இருக்கிறது என்று தேடின. இரண்டேகால் பஸ்ஸில் ஒரு பாதி ஏறியது, மூணரை பஸ்ஸில் மறுபாதி. மூன்று மணிக்கு டீக்கடைத் தட்டில் ஒரு போனில் படம் அடியிலிருந்து நிறைய ஆரம்பித்தது. குடத்தில் தண்ணி ஏறுகிறமாதிரி முதலில் படிக்கட்டு, அப்புறம் வாண்டுகளின் கால், அப்புறம் செல்வி, அப்புறம் போர்டு. அழித்தவர் போனிலும் நிறைந்தது. நாலு மணிக்குள் ஊரில் அத்தனை போனிலும் படம் முழுசாக இருந்தது. நிறைந்த போனை விட்டு எறும்பு போய்விட்டது. கீழே சிவப்பு எழுத்து அப்படியேதான் கிடந்தது, ஆனால் செல்வி சிரிக்கிற படத்தையும் அதையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதினவனை நினைத்துச் சிரித்தார்கள். ஏட்டையா ஸ்டேஷனிலிருந்து போன் பண்ணி, மற்ற ஊர்களிலிருந்தும் சொல்கிறார்கள், படம் வளர்கிறதாம் என்றார்.

சாயங்காலப் பஸ்ஸில் முப்பிடாதியோடு ரத்தினமும் திரவியமும் ஏறினார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பூமாரிக்கு ஆண்பிள்ளை பிறந்தது, மூன்று கிலோ. நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து முப்பிடாதி கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். திரவியம் எழுந்து நின்றுவிட்டார். நர்ஸ் போனை எடுத்து, "இது நீங்கதான? சாயங்காலத்துல இருந்து இங்க எல்லாரும் இதத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம். அந்தம்மா சிரிப்பப் பார்த்தா நமக்கும் சிரிப்பு வருது. யாரு எடுத்தது?" என்று கேட்டாள்.

"இவுகதான்" என்றாள் முப்பிடாதி, பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எங்க ஊத்துமேட்டு ஞானதிரவியம் அண்ணன். திரவியம் ஸ்டுடியோ." அட்ரஸ்கூடச் சொல்லியிருப்பாள், பிள்ளை நெளிந்தது. திரவியம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையோடு பஸ் ஏறினார்கள். பூமாரி ஜன்னலோரம், பக்கத்தில் முப்பிடாதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு அந்தப்பக்கம் ஓர் ஆள் இடம், பின் சீட்டில் ரத்தினமும் திரவியமும். முப்பிடாதி அந்த ஊதாச் சேலையைத் தைத்து, அதையேதான் கட்டியிருந்தாள். ஏன் என்று ரத்தினம் கேட்டதற்கு, "இருக்கிறதுலயே இதான் மதினி நல்ல சேலை" என்றாள். பிள்ளை தூங்கிக்கொண்டு வந்தது. கரிசல்குளத்துக்குப் பிரிகிற விலக்கைத் தாண்டும்போது அவள் தோள் இறுகுவதைத் திரவியம் பின்னாலிருந்து பார்த்தார்.

கரிசல்குளத்தில் பஸ் நின்றது. பத்துப் பதினைந்து பேர் ஏறினார்கள். கடைசியாகக் கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிய ஒருத்தி முப்பிடாதியைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண்டக்டர் உள்ளே போகச் சொன்னது அவள் காதில் விழவில்லை.

"அன்னைக்கு நானும் நின்னேன்" என்றாள். "கைய ஓங்கல. ஆனா நின்னேன். பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்."

முப்பிடாதி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். "கூடைய அடியில வச்சுட்டு உக்காருக்கா. பஸ் எடுக்கப் போறான்."

பஸ் எடுத்தான். எடுத்த குலுக்கலில் பிள்ளை விழித்துக்கொண்டது. முதலில் முகத்தைச் சுளித்தது, உதட்டைப் பிதுக்கியது, அப்புறம் மூன்று கிலோ உடம்பில் இருக்கிற அத்தனை பலத்தையும் கூட்டி வீறிட்டு அழுதது. முப்பிடாதி பஸ்ஸை ஒரு சுற்றுப் பார்த்தாள். திரவியமும் பார்த்தார். டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் ஒருவர் தூங்கி விழுந்துகொண்டிருந்தார், இரண்டு பேர் உர விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடைக்காரி மட்டும் பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் தடவி, "பசிக்குது போல, ஆத்தாகிட்டக் குடு" என்றாள்.

பிள்ளை ஊத்துமேடு வரைக்கும் விட்டு விட்டு அழுதுகொண்டேதான் வந்தது. பஸ்ஸில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின் சீட்டில் திரவியம் கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினார். ரத்தினம் தன் முந்தானையைக் கொடுத்தாள்.